அவசரம் என்று யார் எழுதலாம்?

அடம்பன் சந்தியிலுள்ள ஒரு பலசரக்குக் கடையில், சவர்க்காரக் கட்டிகள் அடுக்கியிருந்த மட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் இலங்கை அரச இலச்சினை அச்சாகியிருந்தது. அதன் கீழே ‘எஸ்.ஆர்.’ என்று தொடங்கும் எட்டு இலக்க எண். அடுத்த வரிகளில் மெட்ஃபோமின் 500 மில்லிகிராம், தொகுதி எண், காலாவதித் திகதி, இந்திய உற்பத்தியாளர் ஒருவரின் முகவரி. நான் குனிந்து நின்று அதைக் குறித்துக்கொண்டதைக் கண்ட கடைக்காரர் சற்றுக் கலவரப்பட்டார். “அது ஆஸ்பத்திரியில கழிச்சு விட்ட வெறும் பெட்டி தம்பி. மருந்து ஒண்டும் உள்ளுக்கு இல்லை.” திணைக்கள ஆள் என்று நினைத்துவிட்டார் போலும். அப்படியல்ல என்று தெரிந்ததும் பெட்டியை எனக்குப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

2025 ஜனவரி 1 முதல் இலங்கையில் புதிய பெறுகை வழிகாட்டல்கள் நடைமுறையில் உள்ளன. பென்சில் வாங்குவது முதல் பாலம் கட்டுவிப்பது வரை, அரசாங்கம் மக்கள் பணத்தை எந்த முறையில் செலவழிக்கலாம் என்று சொல்லும் விதிகள் அவை. 2006 முதல் இருந்த வழிகாட்டல்களின் இடத்துக்கு வந்தவை. அவற்றைப் பற்றி எழுதுவதாக ஒப்புக்கொண்டு, பழையதையும் புதியதையும் மேசையில் விரித்து வைத்து வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. வாசித்தால் தூக்கம் வரும் எழுத்து என்பதை மறைப்பதற்கில்லை. பெட்டியைக் கண்ட பிறகு வேலைக்கு ஒரு முகம் கிடைத்தது. இந்தப் பெட்டி எந்த விதியின்படி அடம்பனுக்கு வந்து சேர்ந்தது? அந்த விதியை மீறி ஒரு பெட்டி வர வேண்டுமானால் அதற்கு யார் கையெழுத்துப் போட வேண்டும்?

மன்னார்த் தீவிலிருந்து தாம்போதியைக் கடந்து, உயிலங்குளத்தால் வடக்கே திரும்பினால், கட்டுக்கரைக்குளத்து வாய்க்கால்கள் பாயும் வயல்களுக்கு நடுவே அடம்பன். மாந்தை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவு. பெரும்போகம் விளைந்து நிற்கையில் கண்ணுக்கெட்டிய தூரம் நெல்தான். இங்குள்ள பிரதேச வைத்தியசாலை மாகாண நிருவாகத்தின் கீழ் வருகிறது. ஆனால் அங்கே கொடுக்கும் குளிசைக்கு மாகாணம் விலை பேசுவதில்லை.

வழி இதுதான். வைத்தியசாலை தனக்கு வருகிற ஆண்டில் என்னென்ன மருந்து எவ்வளவு வேண்டும் என்று மதிப்பீடு எழுதி மன்னாரிலுள்ள பிராந்திய மருத்துவ வழங்கல் பிரிவுக்குக் கொடுக்கிறது. மன்னார் மாவட்டத்தின் கணக்கு அங்கே கூட்டப்பட்டு, கொழும்பு 10 இலுள்ள மருத்துவ வழங்கல் பிரிவுக்குப் போகிறது. அங்கே நாடு முழுவதன் தேவையும் ஒரே தொகையாகிறது. அந்தத் தொகையை வாங்கித் தரும்படி அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்துக்குக் கட்டளை போகிறது. கூட்டுத்தாபனம் டெண்டர் கூப்பிடுகிறது. கொழும்பு தேசிய வைத்தியசாலையின் இலட்சக்கணக்கான குளிசைகளோடு அடம்பனின் சில ஆயிரங்களும் ஒரே ஒப்பந்தத்தில் ஏறுகின்றன. மதிப்பீடு எழுதிய நாளுக்கும் பெட்டி வந்திறங்கும் நாளுக்கும் இடையில் ஒரு வருடம்கூட ஓடிவிடும்.

கூட்டாக வாங்குவதன் இலாபம் கணக்குத் தெரிந்த எவருக்கும் விளங்கும். அடம்பன் வைத்தியசாலை தனியே விலை கேட்டால் குஜராத்திலோ ஹைதராபாத்திலோ இருக்கும் உற்பத்தியாளர் கடிதத்துக்குப் பதில்கூடப் போடமாட்டார். நாடே ஒன்றாகக் கேட்டால் வரிசையில் நிற்பார். ஏற்பாடு நல்லதுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது எப்போது, யாரால் வந்தது என்பதுதான் முதலில் தேட வேண்டியிருந்தது.

பழைய பத்திரிகைக் கட்டுகளிலிருந்து தொடங்கினேன். கூட்டுத்தாபனத்தின் டெண்டர் அறிவித்தல்கள் பத்திரிகையில் வரும்; ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கம் உண்டு. ‘டிஎச்எஸ்/பி/டபிள்யூடபிள்யூ’ என்று தொடங்கி, பின்னால் வரிசை எண்ணும் ஆண்டும். முதல் மூன்று எழுத்து சுகாதார சேவைகள் திணைக்களம், அடுத்தது மருந்து, அதற்கடுத்த இரண்டும் உலகளாவிய டெண்டர். எந்த நாட்டு உற்பத்தியாளரும் விலைமனுப் போடலாம். இந்த மூன்று துண்டும் பார்வைக்கு அலுவலகச் சுருக்கெழுத்துதான். ஆனால் ‘உலகளாவிய’ என்ற துண்டுக்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது என்பது ஆவணங்களில் பின்னோக்கிப் போகப் போகத்தான் தெரிந்தது.

பின்னோக்கி என்றால் கொழும்பு 7, தேசிய சுவடிகள் திணைக்களம். பெறுகை என்றோ கொள்வனவு என்றோ அட்டவணையில் தேடினால் ஒன்றும் அகப்படாது. ஆங்கிலேயர் காலத்துக் கோப்புகளில் அந்தச் சங்கதி ‘ஸ்டோர்ஸ்’, ‘இன்டென்ட்’ என்ற தலைப்புகளுக்குக் கீழேதான் கிடக்கும். சிவில் மருத்துவத் திணைக்களத்தின் ஆண்டு நிருவாக அறிக்கைகளிலும் அப்படியே. அந்தக் காலத்தில் இலங்கை அரசாங்கம் உள்ளூரில் கிடைக்காத எதை வாங்குவதானாலும், தண்டவாளமோ தந்திக் கம்பியோ கொயினாவோ, இலண்டனிலிருந்த ‘கிரவுண் ஏஜென்ட்ஸ்’ என்னும் முடிக்குரிய முகவர்களுக்கு எழுத வேண்டும். ஒவ்வொரு குடியேற்றத்துக்கும் தனித்தனி முகவர் இருந்த முறையை மாற்றி, 1833 இல் ஜோர்ஜ் பெய்லி, எட்வர்ட் பார்னார்ட் என்ற இருவரை வைத்துத் தொடங்கிய கூட்டு அலுவலகம் அது. கடன் திரட்டுவது, கப்பலில் ஏற்றுவது, பொருளைப் பரிசோதிப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. வேலைக்குத் தரகு.

ஆக, கூட்டுக் கொள்வனவு இந்த நாட்டுக்குப் புதிதல்ல. மேற்கு ஆபிரிக்காவும் மொரீசியசும் இலங்கையும் ஒரே கதவால் வாங்கிக்கொண்டிருந்தன. சிக்கல் என்னவென்றால் கதவுக்கு உள்ளே யார் இருக்கிறார் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை வாங்குபவருக்கு இல்லை. முகவர்கள் பெரும்பாலும் தங்கள் பட்டியலிலிருந்த பிரித்தானியக் கம்பனிகளிடமே விலை கேட்டார்கள். சாமான் தாமதம், விலை கூடுதல் என்று குடியேற்றங்களிலிருந்து முறைப்பாடுகள் குவிந்தன. 1908–09 இல் அந்த அலுவலகத்தின் அமைப்பு பற்றி ஒரு விசாரணைக் குழுவே அமர்த்தப்பட்டது. பெரிய மாற்றம் எதுவும் வந்ததாகச் சொல்ல முடியாது.

அந்தக் கோப்புகளைக் கட்டி வைத்துவிட்டு 1934–35 மலேரியாக் கொள்ளைநோய் பற்றிய பக்கங்களுக்குப் போனேன். மருந்து ஓர் அரசாங்கத்துக்கு உண்மையிலேயே அவசரமான முதல் சந்தர்ப்பம் எது என்று பார்க்க வேண்டுமென்றிருந்தது. சுமார் 80,000 பேர் செத்துப்போன கொள்ளைநோய். அப்போதைய மருத்துவப் பணிப்பாளர் பிரியர்கிளிஃப் எழுதிய அறிக்கை 1935 இல் கொழும்பில் அச்சானது. கொயினா, நிவாரண நிலையங்கள், நடமாடும் மருந்தகங்கள் எல்லாம் அதில் உண்டு. அரசாங்கம் எட்டாத கிராமங்களுக்கு சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் கொண்டுபோனார்கள் என்பது அறிக்கைக்கு வெளியே வாசிக்க வேண்டிய கதை. அந்த நிவாரண வேலையில் நின்றவர்களில் ஒரு வைத்தியர், டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க. அரசாங்க சபையின் மொறவக்க உறுப்பினர், பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர்.

அந்தப் பெயரை மனதில் வைத்துக்கொண்டிருந்தேன். 1971 இன் கோப்பில் அது மறுபடி வந்தது.

1970 இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் கூட்டரசாங்கம் பதவிக்கு வந்தபோது நாட்டில் அந்நியச் செலாவணி இல்லை. மருந்து இறக்குமதி தனியார் கைகளில் இருந்தது. ஒரே மருந்து பல வர்த்தகப் பெயர்களில், பல விலைகளில் வந்துகொண்டிருந்தது. மருந்துப் பிரச்சினையை ஆராய்ந்து சொல்லும்படி அரசாங்கம் இருவரிடம் கேட்டது. ஒருவர் அதே எஸ். ஏ. விக்கிரமசிங்க. மற்றவர் மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே. 1971 மார்ச்சில் அவர்கள் கொடுத்த அறிக்கைதான் அடம்பன் பெட்டியின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் என்று நான் கொள்கிறேன்.

பிபிலே ஊவாவின் பிபிலே ஊரில் 1920 இல் பிறந்தவர். இலங்கையின் முதல் மருந்தியல் பேராசிரியர்; சமசமாஜக் கட்சிக்காரர். 1950களின் இறுதியிலேயே அரச வைத்தியசாலைகளுக்கான மருந்துப் பட்டியலைச் செப்பனிடும் குழுவில் இருந்து, வர்த்தகப் பெயரை விட்டு மூலப்பெயரில் மருந்தை எழுதப் பழக்கியவர். அறிக்கையின் தருக்கம் நேரானது. முதலில் தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்கு. பிறகு அவற்றை மூலப்பெயரில் மட்டும் கேள். பிறகு நாடு முழுவதற்கும் ஒரே இடத்திலிருந்து, உலகம் முழுவதற்கும் திறந்த டெண்டர் கூப்பிட்டு வாங்கு. 1971 இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைக்கப்பட்டது. பிபிலேயே முதல் தலைவர். கைத்தொழில் அமைச்சர் ரீ. பி. சுபசிங்க பின்னால் நின்றார். நாட்டுக்குள் வந்துகொண்டிருந்த சுமார் 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன.

முடிக்குரிய முகவர்களின் முறைக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இப்போது தெளிவாகிறது. இரண்டிலும் கதவு ஒன்றுதான். பிபிலே அதன் உட்புறத்தைத் திறந்துவிட்டார். இந்தியாவிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் விலைமனு வரலாம் என்றானபோது, பன்னாட்டுக் கம்பனிகள் கேட்டுவந்த விலை எவ்வளவு ஊதியிருந்தது என்பது அடுத்தடுத்த தாள்களில் வெளிச்சமாயிற்று. டெண்டர் இலக்கத்தில் இன்றைக்கும் நிற்கிற அந்த ‘உலகளாவிய’ எழுத்துகள் இந்தத் திறப்பின் எச்சம்.

கம்பனிகள் சும்மா இருக்கவில்லை. ஒக்ஸ்ஃபோர்ட் பொருளியலாளர் சஞ்ஜய லாலுடன் சேர்ந்து பிபிலே எழுதி 1977 இல் வெளிவந்த கட்டுரையில் இந்தக் கதை இருக்கிறது. சுவடிகளில் அல்ல, ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கட்டப்பட்ட சஞ்சிகை வரிசையில்தான் அதைக் கண்டேன். வாந்திபேதி பரவி ரெட்ராசைக்ளின் அவசரமாகத் தேவைப்பட்ட வேளை. உள்ளூரில் ஃபைசர் கம்பனிக்கு அந்த மருந்தைத் தயாரிக்கும் வசதி இருந்தது. கூட்டுத்தாபனம் வேறொரு நிறுவனத்திடம் வாங்கிய மூலப்பொருளைக் கொடுத்து மருந்தாக்கித் தரச் சொன்னது. ஃபைசர் இணங்கவில்லை. கடைசியில் கூடிய விலைக்கு விமானத்தில் மருந்து வரவழைக்க வேண்டியதாயிற்று. தொழிற்சாலையை அரசுடைமையாக்கும் பேச்சு எழுந்தபோது அமெரிக்கத் தூதுவர் நேரே பிரதமரிடம் போனார். பேச்சு அத்தோடு அடங்கியது.

இந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். கூட்டுக் கொள்வனவு தோற்றது அதன் வழமையான பாதையில் அல்ல. அவசரம் என்ற சொல் எழுந்த கணத்தில்தான். அந்தக் கணத்தில் ஒப்பிட்டுப் பார்க்க இரண்டாவது விலை இல்லை, காத்திருக்க நேரமில்லை. வாங்குபவர் விற்பவரின் சொற்படி நிற்கிறார். பிறகு வந்த ஒவ்வொரு விதிப் புத்தகத்திலும் நான் தேடியது இந்த ஒரு கோட்டைத்தான்.

1976 ஓகஸ்டில் அணிசேரா நாடுகளின் உச்சிமாநாடு கொழும்பில் கூடியபோது, மருந்துகளை இப்படிக் கூட்டாக வாங்குவது பற்றி ஒரு தீர்மானம் நிறைவேறியது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது. தனியார் இறக்குமதிக்குக் கதவு மறுபடி திறந்தது. ஐ.நா. வர்த்தக அபிவிருத்தி மாநாட்டின் ஆலோசகராகிவிட்ட பிபிலே 1977 செப்டெம்பர் 29 அன்று கயானாவில் இறந்தார். அதற்கு 9 ஆண்டுகள் கழித்து, 1986 இல், அதே கரீபியன் பக்கத்தில் கிழக்குத் தீவு நாடுகள் சேர்ந்து மருந்தைக் கூட்டாக வாங்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் அடம்பன் வைத்தியசாலையைப் போலத் தனியே பேரம் பேச முடியாத சின்னஞ்சிறு நாடு. இலங்கையில் தனியார் சந்தை கைவிட்டுப் போனாலும் அரச வைத்தியசாலைகளுக்கான கூட்டுக் கொள்வனவு மட்டும் அழியாமல் தப்பியது. அரசாங்கங்கள் வந்து போயின. டெண்டர் இலக்கம் போய்க்கொண்டேயிருந்தது.

பாக்குநீரிணைக்கு அப்பால் என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994 ஜூலை 1 அன்று பதிவாகி, 1995 தொடக்கத்தில் இயங்க ஆரம்பித்தது. ஆர். பூரணலிங்கம் என்ற ஆட்சிப்பணி அதிகாரியின் பெயர் அதோடு சேர்ந்தே பேசப்படும். அங்கேயும் அவசிய மருந்துப் பட்டியல், மூலப்பெயர், மாநிலம் முழுவதற்கும் ஒரே டெண்டர். அட்டையில் ‘தமிழ்நாடு அரசு, விற்பனைக்கு அல்ல’. டெண்டரில் இரண்டு உறை: தகுதி ஓர் உறையில், விலை மற்றதில், தகுதி தேறாதவரின் விலை உறையைப் பிரிப்பதேயில்லை. ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, உற்பத்தியாளர் பெயரை மறைத்து, ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறார்கள்.

எனக்கு அதிலெல்லாம் பெரிதாகப் பட்டது பாஸ்புக். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் வங்கிப் புத்தகம் போல ஒன்று. அதில் அந்த ஆண்டுக்கான தொகை எழுதியிருக்கும். மாவட்டக் கிடங்கிலிருந்து எடுக்கும் மருந்தின் பெறுமதி அதிலிருந்து கழியும். எது வேண்டும், எவ்வளவு வேண்டும் என்பதை ஆஸ்பத்திரியே முடிவு செய்யும். ஒதுக்கீட்டில் சுமார் 10 சதவீதத்தைக் கழகத்துக்கு வெளியே, உள்ளூரில், தன் தேவைக்கு வாங்கிக்கொள்ளலாம். அதாவது அவசரத்துக்கு ஒரு சிறு பங்கை முன்கூட்டியே ஒதுக்கி, அதை ஆஸ்பத்திரியின் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். மேலிடத்தில் எவரும் ‘அவசரம்’ என்று எழுதத் தேவையில்லை. 1998 இல் தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் இயற்றி, 2000 இல் அமலுக்குக் கொண்டுவந்தது. சுற்றறிக்கையை மீறினால் விளக்கம் கேட்பார்கள். சட்டத்தை மீறினால் நீதிமன்றம் இருக்கிறது.

இலங்கைக்குத் திரும்பினால் போர்க்காலத்துக்கான தாள்கள் இடறுகின்றன. உயிலங்குளம் சமாதான காலத்தில் இரு ஆளுகைகளுக்கும் இடையிலான கடவையாக இருந்த இடம். அதற்கு அப்பால் போகும் மருந்துக்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டும். எவ்வளவு மதிப்பீடு எழுதினாலும் எவ்வளவு போகலாம் என்பதை வேறொருவர் தீர்மானித்தார். 2008 மே 9 அன்று இராணுவம் அடம்பனைக் கைப்பற்றியது. அதற்கு முன்பே சனம் இடம்பெயர்ந்து வன்னிக்குள் போய்விட்டது. கோப்பைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவார்? ஊர்வாசி ஒருவர் சொன்னார்: “கிளினிக் கொப்பியை மட்டும் பொலித்தீனுக்குள்ள சுத்தி மடியில வச்சிருந்தனான். அடுத்த ஊரில அதைக் காட்டித்தான் குளிசை எடுக்கலாம்.” அந்த ஆண்டுகளுக்கு எனக்குக் கிடைத்த ஆவணங்களில் அதைவிட நம்பகமானது இல்லை.

இந்தக் காலத்துக்கு நடுவில்தான் 2006 வழிகாட்டல்கள் வந்தன. 2004 இல் அமைத்த தேசிய பெறுகை முகவர் நிலையம் ஆக்கியவை. விதிக்கு ஒரு புத்தகம், விளக்கத்துக்கு ஒரு கைநூல். மூன்றாம் அத்தியாயத்தில் கொள்வனவு முறைகள் வரிசையாக வரும்: சர்வதேசப் போட்டி, தேசியப் போட்டி, மட்டுப்படுத்திய போட்டி, கடைகளில் விலை கேட்டு வாங்குதல், நேரடி ஒப்பந்தம். அவற்றுக்குப் பின்னால் நான் தேடிய கோடு. எதிர்பாராத அனர்த்தங்களின்போது வழமையான நடைமுறையிலிருந்து விலகலாம். படிக்க நியாயமான வசனம். வெள்ளம் வந்தபின் ஆறு வாரம் டெண்டரைத் திறந்து வைக்கச் சொல்ல யாருக்கும் மனம் வராது. கிராமச் சங்கங்களுக்கும் கமக்கார அமைப்புகளுக்கும் சிறு வேலைகளைக் கொடுக்கலாம் என்ற நல்ல பகுதியும் அந்தப் புத்தகத்தில் உண்டு. மாந்தைப் பக்கம் வாய்க்கால் துப்புரவு பார்த்த அமைப்புகளுக்கு அது தெரியும்.

பிறகு வர்த்தமானிகளையும் அரசியலமைப்புத் திருத்தங்களையும் திகதி வாரியாக அடுக்கிப் பார்த்தேன். 2015 மேயில் 19 ஆவது திருத்தம் தேசிய பெறுகை ஆணைக்குழுவை அரசியலமைப்புக்குள் கொண்டுவந்தது. 2020 ஒக்டோபரில் 20 ஆவது திருத்தம் அதை அகற்றியது. 2022 ஒக்டோபரில் 21 ஆவது திருத்தம் மீளக் கொண்டுவந்தது. அந்த இரண்டு ஆண்டு இடைவெளிக்குள் என்னென்ன விழுந்தன என்று பார்த்தால், தொற்றுநோய், செலாவணி வறட்சி, பசளைக் கூத்து.

பசளையை அடம்பனில் சொல்லித்தர வேண்டியதில்லை. 2021 மே 6 வர்த்தமானி இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தது. பெரும்போகத்துக்கு இயற்கைப் பசளை தருவோம் என்று அவதிப்பட்டு டெண்டர் போட்டு, சீனாவின் சிங்தாவோ சீவின் நிறுவனத்தோடு ஒப்பந்தமானது. மாதிரியில் தீங்கான பக்டீரியா இருப்பதாக இங்குள்ள தாவரத் தொற்றுக் காப்பு அதிகாரிகள் அறிக்கை கொடுத்தார்கள். கப்பல் கடலில் சுற்றியது. சரக்கு இறங்காமலே, 2022 ஜனவரியில் 67 இலட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்தார்கள். “யூரியாவும் இல்லை, கப்பல்ல வந்ததும் இல்லை. பயிர் மஞ்சளாப் போனதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டம்” என்றார் கட்டுக்கரை வாய்க்கால் வரம்பில் என்னோடு நடந்த கமக்காரர். அவசரம் வானத்திலிருந்து விழவில்லை. ஒரு வர்த்தமானியே அதை உண்டாக்கிவிட்டு, பிறகு அதைக் காரணம் காட்டியது.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு உச்சத்துக்கு வந்தது. மார்ச் 17 அன்று இந்தியாவுடன் உணவுக்கும் மருந்துக்குமாக 100 கோடி டொலர் கடன் ஒப்பந்தம். தமிழ்நாடு தன் பங்குக்கு 40,000 தொன் அரிசி, 500 தொன் பால்மா, 137 வகை மருந்து தருவதாகச் சட்டமன்றத்தில் தீர்மானித்து, மே 18 அன்று முதற் கப்பலை அனுப்பியது. உதவி உதவிதான், நன்றி மறக்கக் கூடாது. ஆனால் கூட்டுத்தாபனத்தின் வழமையான டெண்டர்ப் பாதைக்குப் பக்கத்தில் இப்படி வேறு வேறு பாதைகள் திறந்த வேளையில், அவசரம் என்ற சொல் அமைச்சரவைப் பத்திரங்களில் மலிந்துபோயிற்று.

அதன் விளைவு 2023 இல் வெளிப்பட்டது. அரச வைத்தியசாலைகளுக்கு வந்த மனித இம்யூனோகுளோபுலின் ஊசிமருந்தை ஏற்றிய நோயாளிகளுக்கு ஒவ்வாமை ஏற்பட, விசாரித்தபோது அந்த மருந்து தரக்குறைவானது என்றும், ஆவணங்கள் போலியானவை என்றும் குற்றச்சாட்டு எழுந்தது. அதிகாரிகள் கைதானார்கள். கொள்வனவுக் காலத்தில் சுகாதார அமைச்சராக இருந்த கெஹெலிய ரம்புக்வெல்ல 2024 பெப்ரவரி 2 அன்று கைது செய்யப்பட்டார். கைதாகும்போது சுற்றாடல் அமைச்சர். குற்றம் யாருடையது என்பது நீதிமன்றத்தின் வேலை. கொள்வனவு ஆராய்பவனுக்கு அந்தக் கோப்பில் பார்க்க வேண்டியது, பதிவும் தரப் பரிசோதனையும் என்ற இரண்டு படிகளை எந்தச் சொல்லைச் சொல்லித் தாண்டினார்கள் என்பது. 2023 செப்டெம்பரில் சர்வதேச நாணய நிதியம் வெளியிட்ட ஆளுகை அறிக்கை, வழிகாட்டலோடு நிற்காமல் பெறுகைக்கு ஒரு சட்டமே இயற்றும்படி சொன்னது. தமிழ்நாடு 25 ஆண்டு முன்பு செய்த காரியம்.

2025 இல் நடைமுறைக்கு வந்த புத்தகம் ஆணைக்குழுவே ஆக்கி வர்த்தமானியில் வெளியிட்டது. முந்தியதைவிடத் திருத்தமானது என்றே நினைக்கிறேன். ஆனாலும் எல்லாப் புத்தகங்களையும் வரிசையாக வாசித்தவனுக்கு ஒரு சங்கடம் மிச்சமிருக்கிறது. அவசரத்தை எப்படிக் கையாள்வது என்று எல்லாம் சொல்கின்றன. யாருடைய அவசரம் என்று எதுவும் கேட்பதில்லை. அமைச்சின் மேல்மாடியில் ஒருவர் அந்தச் சொல்லை எழுதினால் டெண்டர் படிகள் விலகி நிற்கின்றன. மாந்தை மேற்கில் இன்சுலின் முடிந்துபோனால் அதுவும் அவசரம்தான். அதற்கு விதிப்படி உள்ளூர்க் கொள்வனவு உண்டு. அனுமதி, விலைக்கோரல், நிதி என்று மூன்று இடத்தில் நிற்கும். அதற்கிடையில் நடப்பது எந்த விதியிலும் எழுதாத கொள்வனவு. ஒரு துண்டில் மருந்தின் பெயரை எழுதிக் கொடுக்கிறார்கள். நோயாளி பஸ் ஏறி மன்னார் டவுன் பாமசிக்குப் போய், தன் காசில், தனி ஒருவராக, சில்லறை விலைக்கு வாங்குகிறார். பிபிலே ஒழிக்க நினைத்த பேரம் இதுதான்: ஆகச் சிறிய வாங்குபவர், ஆகக் கூடிய விலை. அவசரக் கொள்வனவின் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது என்பது என் கணிப்பு. எந்தக் கணக்காய்விலும் அது வராது, ஏனென்றால் அது அரசாங்கப் பணமல்ல.

கமக்காரர் ஒருவரின் மனைவி அந்தத் துண்டுகளை எறியாமல் கிளினிக் கொப்பிக்குள் செருகி வைத்திருந்தார். பாமசி பில்லும் கூடவே. நூற்றாண்டுக் கோப்புகளைப் புரட்டிவிட்டு வந்தவனுக்கு அந்தக் கொப்பி ஒரு கணக்காய்வு அறிக்கை போலவே இருந்தது. திகதி, மருந்து, அளவு, விலை எல்லாம் ஒழுங்காக.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்க தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதினேன். ஆர்.டி.ஐ. 01 என்ற படிவம், ஒரு பக்கம், கட்டணமில்லை. தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். கேட்டிருப்பது நான்கு விடயம். அடம்பன் வைத்தியசாலை சென்ற ஆண்டு அனுப்பிய மதிப்பீட்டில் எத்தனை மருந்து, அவற்றில் எத்தனை முழு அளவில் வந்து சேர்ந்தன. வராதவற்றுக்கு வைத்தியசாலை உள்ளூரில் எவ்வளவு தொகைக்கு வாங்கியது, அனுமதிக்கு எத்தனை நாள் எடுத்தது. அதே ஆண்டில் மத்திய அமைச்சு அவசரக் கொள்வனவு என்று அங்கீகரித்தவற்றின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் எழுதப்பட்ட காரணம். நான்காவது, அந்தக் காரணத்தின் கீழ் கையெழுத்திட்டவரின் பதவி.